குளத்தைத் திருத்தும் முன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்



நமது குளத்தைத் தூர் வாரிக் கட்டைப் பலப்படுத்தும் வேலை பெரும்போக மழைக்கு முன் தொடங்கப் போகிறது என்ற செய்தி எல்லோருக்கும் கிடைத்திருக்கும். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டுக் கிடைத்த வேலை இது. அதற்காக அலைந்து திரிந்த கமக்காரர் அமைப்பின் பெரியவர்களுக்கு நாம் முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

போன வாரம் தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தோம். மேல்பக்கத்து மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தது. பெக்கோ இறங்கவும், அள்ளுகிற மண்ணைக் கொட்டவும் அந்த இடம் தேவையாம். பிள்ளைகளில் ஒருவர் கேட்டார்: "அது வெறும் பத்தைதானே சேர், அதால என்ன பிரயோசனம்?"

நின்ற இடத்தில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கூட்டத்துக்குப் போக முன் பொறுமையாக வாசியுங்கள்.

நமது பிரதேசத்தில் வருட மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு நீண்ட கோடை. வெயிலும் காற்றும் திறந்த நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நிலத்துக்கடியில் பெரும்பாலும் கடும்பாறை. மேலே இருக்கிற மண்ணிலும் சிதைந்த பாறையிலும் மட்டுமே தண்ணீர் தங்கும். குளத்தில் நீர் இருக்கும் வரை நமது கிணறுகளில் நீர் இருப்பதும், குளம் வற்ற வற்றக் கிணறு இறங்குவதும் இதனால்தான். இப்படிப்பட்ட மண்ணில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக மனிதர்கள் நெல் விளைவித்திருக்கிறார்கள் என்றால், மழையைப் பிடித்து வைக்கும் வழியை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள் என்று பொருள்.

அந்த வழி தனிக் குளம் அல்ல, குளங்களின் தொடர். சிங்களத்தில் எல்லங்காவ என்பார்கள். ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடையை மறித்து மேலே ஒரு குளம், அதன் வயல், வயலில் இருந்து வடிகிற நீர் போய்ச் சேர அடுத்த குளம், அதற்குக் கீழே இன்னொரு வயல். மேல்குளம் வான் பாய்ந்தாலும் அந்த நீர் கீழ்க்குளத்துக்குத்தான் போகும். ஒரே மழைநீர் ஊர் ஊராக இறங்கி, பலமுறை பயன்பட்ட பிறகுதான் ஆற்றைச் சேரும். நமது குளமும் இப்படி ஒரு தொடரில் நடுக்குளம். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சிங்கள ஊர்கள். மேலே இருப்பவர்கள் விட்ட தண்ணீரில் நாம் விதைக்கிறோம். நாம் விட்டதில் கீழே இருப்பவர்கள் விதைக்கிறார்கள்.

இனி ஒரு குளத்துக்குள்ளேயே பார்ப்போம். நம் ஊர்ப் பெரியவர்களும் இவற்றைச் சிங்களப் பெயராலேயே சொல்வார்கள், அதனால் அப்படியே தருகிறோம்.

குளத்துக்கு மேலே, காட்டோரமாக இருக்கும் சிறு நீர்நிலை குளுவெவ. அதிலிருந்து வயலுக்கு வாய்க்கால் கிடையாது. வெள்ளத்தோடு வரும் மண்ணை அங்கேயே படிய விடுவதுதான் அதன் வேலை. காட்டு மிருகங்களும் மாடுகளும் அதில் குடிக்கும். கொடவல என்ற நீர்க்குழிகளும் இதே வேலையைச் செய்யும். மேட்டு நிலத்து மண் குளத்துக்குள் வழிந்து வராமல் தடுக்க ஓரங்களில் எழுப்பும் மண் வரம்பு இஸ்வெட்டிய. நீர் குளத்துக்குள் நுழைகிற இடத்தில் புல் அடர்ந்த பகுதி பெரஹன. பெயரைக் கேட்டாலே விளங்கும், வடிகட்டி என்று அர்த்தம். அதையொட்டி, குளம் நிறைந்தால் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் மரக்கூட்டம் கஸ்கொம்மன. காற்றை மறித்து அலையைக் குறைக்கிறது, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. வேர்ப்பின்னலில் மீன் குஞ்சு பொரிக்கிறது. சிவப்புப் பெயின்ட் அடித்திருப்பது இந்த மரங்களுக்குத்தான்.

குளக்கட்டின் உட்பக்கத்தில் அலைகற்கள். கட்டுக்கு வெளிப்பக்கம், வயல் தொடங்க முன் விடப்படும் ஈரமான பத்தை நிலம் கட்டகடுவ. கட்டுக்கு அடியால் கசிந்து வரும் நீரில் உப்பும் இரும்பும் இருக்கும். கட்டகடுவவில் வளரும் மரம் செடிகள் அதைத் தேக்கி உறிஞ்சிக்கொண்ட பிறகுதான் நீர் வயலுக்குப் போகும். நம் உம்மாமார் பாய் இழைக்கப் பன் பிடுங்கியது இந்தப் பக்கத்துச் சதுப்பில்தான். வயலின் நடுத்தாழ்வில் கிவுல் எல என்ற வடிகால். வயலில் சேரும் உவர் நீரை அது வெளியே கொண்டு போகும்.

இவ்வளவும் சேர்ந்ததுதான் குளம். பிள்ளைகளோடு நடந்தபோது இவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தேடினோம். கஸ்கொம்மன பாதி இருக்கிறது. பெரஹன மாட்டுக்கால் பட்டுச் சேறாகிவிட்டது. கட்டகடுவவை யாரோ வயலாக்கியிருக்கிறார்கள். குளுவெவ இருந்த இடத்தை ஒரு முதியவர் கைகாட்டினார், அங்கே இப்போது ஒரு சின்னப் பள்ளம்தான் தெரிகிறது.

பெரிய குளங்களின் கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் இரண்டு விடயங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாவது பிசோகொட்டுவ. ஆழமான குளத்தின் அடியில் இருந்து நீரைத் திறந்தால் அது வேகத்தோடு பாய்ந்து கட்டையே அரித்துவிடும். அதற்காகக் கட்டுக்குள் கல்லாலும் செங்கல்லாலும் ஒரு சதுரக் கிணறு போல அறை கட்டினார்கள். நீர் அதற்குள் வந்து, வேகம் அடங்கி, அளவாக வெளியே போகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கே நீர்ப்பாசன அதிகாரியாக வேலை செய்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியான 'புராதன இலங்கை' என்ற தனது நூலில், ஐரோப்பாவில் அண்மையில் கட்டத் தொடங்கிய வால்வுக் கிணறுகளுக்கு இவையே முன்னோடி என்று எழுதினார்.

இரண்டாவது ஜயகங்கை, அதாவது யோத எல. கலாவெவயில் இருந்து அநுராதபுரத்துத் திஸாவெவ வரை சுமார் 87 கிலோமீற்றர். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்து வேலை. முதல் 17 மைலுக்குச் சரிவு மைலுக்கு 6 அங்குலம் மட்டுமே. மோட்டர் இல்லை, எண்ணெய் இல்லை, பூமியின் ஈர்ப்பு மட்டும்தான். அதற்கு ஒரு பக்கம்தான் கரை. மறுபக்கம் இயற்கை மேட்டுக்குத் திறந்தே இருக்கும். வழியில் விழும் மழையெல்லாம் அதில் சேரும், வழியில் இருக்கும் ஊர்க்குளங்களுக்கும் அது நீர் கொடுக்கும்.

கட்டுமானம் மட்டும் குளத்தைக் காப்பாற்றவில்லை, சட்டமும் காப்பாற்றியது. வறட்சி வந்தால் பெத்ம. குளத்துக்குக் கிட்டிய வயல்களை மட்டும் அந்தப் போகத்துக்கு எடுத்து, யாருடைய காணி என்று பார்க்காமல் எல்லோருக்கும் பங்கிட்டு விதைப்பார்கள். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற அளவுதான் விதைப்பு. நம் ஊரிலும் இது நடந்ததைக் கண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்களிடம் சொன்னார்: "கஸ்கொம்மனக்குள்ள கத்தியோட போனா விதானையார் குற்றம் போடுவார் மகன்."

அதற்காக எல்லாமே பொற்காலம் என்று சொல்லவும் கூடாது. பெரிய கட்டுகளை எழுப்பியது ராஜகாரிய என்ற கட்டாய ஊழியம். சாதிப்படி வேலை பிரிக்கப்பட்டது. கட்டுகள் உடைந்ததும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் படையெடுப்பும் உள்நாட்டுச் சண்டையும் வந்து பொலன்னறுவை அரசு சரிந்தபோது பெருங்குளங்கள் பாழாகின. ஆனால் சிறு குளங்களில் கணிசமானவை அதற்குப் பிறகும் பிழைத்தன. அவற்றைக் காக்க அரசன் தேவைப்படவில்லை, ஊர் ஒன்றுபட்டால் போதும்.

அந்த ஒற்றுமைக்கு அடி விழுந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி ராஜகாரிய ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் குளக்கட்டுக்கு மண் போடும் கடமையும் அதோடு சேர்ந்து போயிற்று, அதற்குப் பதிலாக வேறு எதுவும் வைக்கப்படவில்லை. ஒருவர் வராவிட்டால் மற்றவர் ஏன் வரவேண்டும்? கட்டுகள் பழுதாகின, ஊர்கள் மெலிந்தன.

கால் நூற்றாண்டு கழித்து அரசுக்கு இது உறைத்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டு நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் வந்து, ஊர் வழக்கத்துக்கு மீண்டும் சட்ட பலம் கொடுத்தது. கிழக்கில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டதும் அவரது காலத்தில்தான். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி வடமத்திய மாகாணத்தை உருவாக்கி ஊர்க்குளங்களைத் திருத்தத் தொடங்கினார். ஏற்பாடு இதுதான்: மண் வேலையை ஊரார் செய்ய வேண்டும், துருசை அரசு போட்டுத் தரும். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் உருவானது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அரசின் கண்ணில் பட்டது கட்டு, துருசு, வான் ஆகிய மூன்றும்தான். அளக்கக்கூடியவை, செலவு எழுதக்கூடியவை அவைதாம். குளுவெவயும் பெரஹனவும் கஸ்கொம்மனவும் எந்த மதிப்பீட்டுப் பத்திரத்திலும் வரவில்லை. ஊர் தன் பாட்டில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அதே பார்வைதான். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு வெல்விதானை பதவி போயிற்று. அந்தப் பதவியில் அநியாயம் செய்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மரத்தில் கத்தி வைத்தவரைக் கேட்க ஆளில்லாமல் போனதும் உண்மை. 1970களில் மகாவலித் திட்டம் வந்தது. 1976இல் பொல்கொல்லையில் ஆறு திருப்பப்பட்டு நமது வறண்ட பக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. அதனால் வாழ்வு பெற்ற குடும்பங்கள் ஏராளம். அதே நேரம் எச் வலயத்தில், பெரிய வாய்க்கால் வந்துவிட்டது, சிறு குளம் இனி எதற்கு என்று பல ஊர்க்குளங்கள் இடித்து வயலாக்கப்பட்டன. வாய்க்காலில் தண்ணீர் வராத வருடத்தில்தான் அவற்றின் அருமை தெரிந்தது.

குளங்களைத் தொடராகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்த ஆர்.எல்.புரோஹியர் 1930களில் பழைய குளங்களையும் வாய்க்கால்களையும் வரைபடத்தில் குறித்து, ஒன்றோடொன்று அவற்றுக்கு இருந்த தொடர்பை எழுதினார். 1985இல் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் சி.எம்.மத்தும பண்டார, இந்தக் குளத்தொடரை ஒரே அலகாகக் கொள்ள வேண்டும், ஒரு குளத்தைத் தொட்டால் எல்லாக் குளத்தையும் தொட்டதாகும் என்ற கருத்தை ஆய்வுலகில் நிலைநிறுத்தினார்.

இரண்டு வருடம் கழித்து, 1987இல், ஐக்கிய நாடுகளின் புருன்ட்லாண்ட் ஆணைக்குழு அறிக்கை வெளிவந்தது. இன்று நமது பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் நிலைபேறான அபிவிருத்தி என்ற சொல் அதன் மூலம்தான் உலகெங்கும் பரவியது. இன்றைய தேவையை நிறைவேற்றும்போது வரப்போகும் தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். 2003இல் அமெரிக்காவில் பால் அனஸ்டாஸ், ஜூலி சிம்மர்மன் என்ற இருவர் பசுமைப் பொறியியலுக்குப் பன்னிரண்டு கோட்பாடுகளை எழுதினார்கள். இன்று பொறியியல் மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள்.

அவற்றில் சிலவற்றைப் பிள்ளைகளோடு குளக்கட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். கழிவு உண்டான பிறகு துப்புரவு செய்வதை விட, உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பது ஒன்று. குளுவெவயும் பெரஹனவும் செய்வது அதைத்தான். மண் உள்ளே வந்த பிறகு பெக்கோ கொண்டு அள்ளுவதை விட, வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. அங்கே ஏற்கெனவே ஓடுகிற பொருளோடும் சக்தியோடும் இணைத்து வடிவமைக்க வேண்டும் என்பது இன்னொன்று. மேல்வயலின் வடிநீர் கீழ்க்குளத்தின் வருமானம் ஆவது அதுவே. தேவைக்கு மேல் மிகையாக வடிவமைக்காதே என்பதும் உண்டு. பெத்ம அதைத்தான் வயலில் செய்தது.

2017இல் உலக உணவு விவசாய அமைப்பு இலங்கை உலர் வலயத்தின் குளத்தொடர் முறையை, உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நமது குளத்து மரத்தில் பெயின்ட் அடித்தது அதற்குப் பிறகுதான்.

இனி நமது விடயத்துக்கு வருவோம்.

கட்டு முக்கியமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமது கட்டில் எறும்புப் புற்றும் மரவேரும் இருக்கின்றன. கட்டாயம் திருத்த வேண்டும். தூரும் வார வேண்டும். எப்படி வாருவது என்பதுதான் கேள்வி.

பக்கத்தில் ஓர் ஊரில் சில வருடத்துக்கு முன் இதே வேலை நடந்தது. பெயர் வேண்டாம். மேல்பக்கத்து மரங்களை வெட்டி, அள்ளிய மண்ணை அங்கேயே குவித்தார்கள். படம் எடுத்தார்கள், பலகை நட்டார்கள். முதல் பெருமழையில் அந்த மண்ணில் ஒரு பங்கு திரும்பக் குளத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இப்போது தடுக்க மரமும் இல்லை, புல்லும் இல்லை. முன்னர் பல பத்து வருடத்தில் சேர்ந்த மண், இனி சீக்கிரமாகவே சேரும்.

இன்னும் மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, துருசின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் போகாது. மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்றுக்கும் உதவும், அதுவும் தேவைதான். ஆனால் இவ்வளவு தோண்டினோம், ஏன் விளைச்சல் கூடவில்லை என்று பிறகு யாரும் கேட்கக்கூடாது. அளவுக்கு மீறி ஆழப்படுத்தினால் அடியில் நீரைத் தாங்கும் களிமண் படையும் உடையலாம்.

இரண்டு, தோண்டுவதற்குப் பதிலாக வானை உயர்த்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வானை உயர்த்தினால் நீர் ஆழமாவதை விட மேல்பக்கம் பரந்து நிற்பதே அதிகம். பரந்த நீரை வெயில் வேகமாகக் குடிக்கும். மேல் ஊர் வயலின் வால் நீரில் மூழ்கி உவராகும். நாம் அதிகமாகப் பிடித்து வைத்தால் கீழ் ஊருக்கு வான் பாய்வதும் குறையும். நாளைக்கு அவர்கள் வந்து கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? மேல் ஊர் நமக்கு அப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

மூன்று, பெக்கோவுக்குப் பாதை தேவை என்பதற்காக மரக்கூட்டம் முழுவதும் போக வேண்டியதில்லை. கட்டின் ஒரு முனையால் இறங்க இடம் இருக்கிறது, பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்தார்கள். மண்ணை டிப்பரில் ஏற்றி நீரேந்து பகுதிக்கு வெளியே கொண்டு போகலாம். குளத்து வண்டல் நல்ல மண், மேட்டுக் காணிக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை இவை: கஸ்கொம்மன மரங்களை வெட்டாதிருக்க வேண்டும். அள்ளும் மண்ணை மேல்பக்கம் கொட்டக்கூடாது. குளுவெவ இருந்த பள்ளத்தை இரண்டு நாள் அதே பெக்கோவைக் கொண்டு திரும்பத் தோண்டித் தர வேண்டும். வானின் மட்டத்தை மாற்றுவதென்றால் மேல் ஊர், கீழ் ஊர்க் கமக்காரர் அமைப்புகளையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். கட்டகடுவவை வயலாக்கியவர்களோடு சண்டை பிடிக்காமல், கட்டோரத்தில் ஒரு கீற்றையாவது திரும்ப விட்டுத்தரச் சொல்லிக் கேட்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய காசு தேவையில்லை.

வருகிற பொறியியலாளர் நமக்கு எதிரி அல்ல. அவரிடம் கொடுக்கப்பட்ட பத்திரத்தில் கட்டு, துருசு, வான் என்ற மூன்றும்தான் இருக்கும். நூற்றைம்பது வருடமாக அந்தப் பத்திரம் அப்படித்தான் இருக்கிறது. மிச்சத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் இந்தக் குளத்தில் குளித்து, இதன் நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த நாம்தான். அவருக்கும் இதில் படித்த அறிவு இருக்கும். ஊர் ஒரே குரலில் கேட்டால் வரைபடத்தை மாற்ற அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். குளத்தின் எந்தப் பகுதிக்கு நம் ஊரில் என்ன பெயர் சொன்னீர்கள், குளுவெவ கடைசியாக எப்போது நீர் நின்றது, எந்த வருடம் பெத்ம நடந்தது என்பதையெல்லாம் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். அலுக்காமல் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் குளத்தின் படம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் முடித்து, கூட்டத்துக்குக் கொண்டு வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

"அது வெறும் பத்தைதானே" என்று கேட்ட பிள்ளைதான் அந்தப் படத்தில் கஸ்கொம்மனவுக்குப் பச்சை நிறம் தீட்டிக்கொண்டிருக்கிறார்.